கேப்பை அடைக்க வந்தவள்

ஓசூர் போய் வந்ததிலிருந்து, பயணம் எப்படி என்று கேட்பவர்களுக்கெல்லாம் சாப்பாட்டைப் பற்றி மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு, கிருஷ்ணகிரி மாம்பழம் என்று ஆரம்பித்தால் கேட்பவருக்கு நாக்கில் நீர் ஊறி, அடுத்த கேள்வி மறந்துபோகும். மலேசியாவில், எங்கள் கிள்ளானில் சாப்பாட்டைச் சொல்லி எதையும் மறைத்துவிடலாம். மறைத்ததை இங்கே எழுதுகிறேன். வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நான் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. சாலைக்கும் பாலத்துக்கும் கடன் கொடுக்கும் வங்கிகளுக்கு ஆலோசனை சொல்வது எங்கள் அலுவலகத்தின் வேலை. ஓசூர்ப் பக்கம் தொழிற்பேட்டைகளுக்குப் போகும் ஒரு நான்கு வழிச் சாலையை ஆறு வழியாக்கி, டோல் வசூலித்து நடத்த ஒரு தனியார் கம்பெனி முன்வந்திருந்தது. டோல் வருமானம் மட்டும் போட்ட முதலை எடுக்கப் போதாது. துண்டு விழும் பகுதியை அரசாங்கம் மானியமாகக் கொடுக்கும். பொதுப்பணம் போகிற காரியம் ஆயிற்றே, சாலையோரத்து ஊர்க்காரர்களுக்கு அவர்கள் மொழியிலேயே விளக்கிச் சொல்ல வேண்டும் என்று வங்கி நிபந்தனை வைத்துவிட்டது.

அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தமிழ்ப்பள்ளியில் படித்து, பேச்சுப் போட்டிகளில் கோப்பைகள் வாங்கி, இன்றைக்கும் கல்யாண வீடுகளில் ‘வாழ்த்துரை வழங்க’ அழைக்கப்படுகிறவள். அனுப்புங்கள், ஊதித் தள்ளிவிட்டு வருகிறேன் என்று நானேதான் கையைத் தூக்கினேன்.

ஓசூரில் முதல் நாள் காலை ஒரு ஹோட்டலில் நுழைந்து, “பசியாற என்ன இருக்கிறது, தம்பி?” என்று கேட்டேன். எங்கள் நாட்டில் காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுதல் என்றுதான் பெயர். பரிமாறுகிறவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு, “அக்கா, நீங்க டிவியில நியூஸ் படிக்கறவங்களா?” என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

அந்தக் கடையில் ஒரு மேசையில் கன்னடம், அடுத்ததில் தெலுங்கு, மூலையில் இந்தி. அவரவர் மொழியில் பதில் சொல்லிவிட்டு, சமையலறையைப் பார்த்துப் பரிமாறுகிறவர் வேறொரு மொழியில் கத்தினார். எங்கள் நாட்டில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ‘மாமாக்’ சாப்பாட்டுக் கடைகளில்கூட இவ்வளவு கலப்பைக் கேட்டதில்லை. வெளியே சாலை முழுக்கக் கம்பெனி பேருந்துகள், ஷிப்ட் முடிந்து இறங்குகிறவர்கள், ஏறுகிறவர்கள். திருநெல்வேலிப் பேச்சும் மதுரைப் பேச்சும் காதில் விழுந்துகொண்டே இருந்தன. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் வேறொரு ஊரின் பெயரைத்தான் சொந்த ஊர் என்கிறார்கள்.

செந்திலும் அப்படித்தான். சாலைக் கம்பெனியின் இளம் பொறியாளர், தென்காசிக்காரர். மனைவிக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைக்க, பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டவர். எனக்கு வேண்டியதைச் செய்து கொடுக்க அவரைத்தான் விட்டிருந்தார்கள். முதலில் மேடம் என்றார், மதியச் சாப்பாட்டுக்குள் அக்கா ஆகிவிட்டேன்.

ஊர்க்காரர்களுக்கு நான் பேசப்போவதை அவரிடம் படித்துக் காட்டினேன். அந்த மானியத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு நீளமான பெயர் உண்டு. நான் அதை ‘தாங்குதிறன் இடைவெளி நிரப்பு நிதி’ என்று ஆக்கியிருந்தேன். மனத்துக்குள் எனக்கு நானே மாலை போட்டுக்கொண்ட சொல் அது.

செந்தில் பிடரியைத் தேய்த்தார். “அக்கா, கோவிச்சுக்காதீங்க. இது எங்க அம்மைக்கு வெளங்காது. எனக்கே ரெண்டு தடவ கேக்கணும் போல இருக்கு. பேசாம ‘கேப்பு’ன்னு சொல்லிருங்க. இங்க சின்னப் பிள்ளையக் கேட்டாலும் கேப்புன்னா என்னன்னு சொல்லும்.”

எனக்குச் சுருக்கென்றது. தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தமிழ் விளங்காது, ஆங்கிலம்தான் விளங்கும் என்றால் நான் எதற்கு விமானம் ஏறி வந்தேன்? ஆனாலும் விட்டுக்கொடுத்தேன். வரவுக்கும் செலவுக்கும் நடுவே ஒரு கேப். அந்தக் கேப்பை அரசாங்கம் அடைக்கிறது. சின்னப் பிள்ளைக்கும் புரியும். சரி.

மறுநாள் சூளகிரிப் பக்கம் போனோம். காரின் கண்ணாடியை இறக்கியதும் கொத்தமல்லி வாசனை உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. வயலில் கொத்தமல்லி, அதை ஒட்டித் தொழிற்சாலைச் சுவர், சுவரை ஒட்டிப் புதினா. கிள்ளானில் கொத்தமல்லியைப் பேரங்காடியில் நெகிழிப் பையில் பார்த்துப் பழகியவளுக்கு இது பெரிய வேடிக்கை. ஆட்டோவின் பின்னால் கட்டுக்கட்டாய் அடுக்கிக்கொண்டு போனார்கள்.

அந்த ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. சாலையின் ஒரு பக்கம் வீடுகள். மறு பக்கம் பள்ளிக்கூடம், பாதி ஊரின் வயல்கள், கம்பெனி பேருந்து வந்து நிற்கும் இடம். நடுவே உயரமான தடுப்புச்சுவர். ஊருக்கு நேரே மட்டும் சுவரில் ஒரு திறப்பு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நீலச் சீருடை போட்ட பெண்கள், கொத்தமல்லி ஆட்டோ, இரண்டு மாடு எல்லாம் அந்தத் திறப்பில் நின்று, லாரி போகட்டும் என்று காத்திருந்து, ஒரே மூச்சில் குறுக்கே பாய்ந்தன. எங்கள் நாட்டில் இப்படிச் செய்தால் வீட்டுக்குச் சம்மன் வந்துவிடும் என்று செந்திலிடம் சொல்லிச் சிரித்தேன்.

கூட்டம் சமுதாயக் கூடத்தில். மகளிர் குழுவில் முன்னின்று செய்கிறவளான மஞ்சுளா நாற்காலி போட்டு, மைக் தட்டிப் பார்த்து, எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். முப்பது வயதிருக்கும். தொழிற்சாலை ஒன்றில் வண்டி உதிரிபாகம் சோதிக்கும் வேலை; ஷிப்ட் முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். முன் வரிசையில் கொத்தமல்லி விவசாயி வெங்கட்டப்பா. பின்னால் பெண்கள் கூட்டம், தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தது. செந்திலுக்கு ஒரு போன் வந்தது. வாசலுக்குப் போனவர் கூட்டம் முடியும்வரை திரும்பவில்லை.

நான் எழுந்தேன். எனக்கு மைக் கிடைத்தால் கரும்பு கிடைத்த மாதிரி.

“அன்பிற்குரியவர்களே, இந்தச் சாலையில் ஒரு கேப் இருக்கிறது” என்று தொடங்கினேன். கூடத்தில் சத்தம் நின்றது. பேச்சின் முதல் வரியிலேயே இப்படி ஓர் அமைதி எனக்கு எந்தக் கல்யாணத்திலும் கிடைத்ததில்லை. “அந்தக் கேப் இருக்கும்வரை இந்தச் சாலையைத் தனியாரால் லாபமாக நடத்த முடியாது. ஆகவே அந்தக் கேப்பை அடைப்பதற்கு அரசாங்கமே பணம் கொடுக்கிறது.”

வெங்கட்டப்பா கையைத் தூக்கினார். “எந்தக் கேப்புங்க?”

“இருக்கும் கேப் ஒன்றுதானே ஐயா” என்றேன்.

“முழுசா அடைச்சிருவாங்களா? பாதி கீதி வுடுவாங்களா?”

“முழுவதையும் அடைத்துவிடுவார்கள். கவலையே வேண்டாம்.”

“கவர்மெண்டே காசு குடுத்தா?” இது மஞ்சுளா.

“ஆமாம் அம்மா, அரசாங்கமே. அதுவும் வேலை நடக்க நடக்கத் தவணை தவணையாக அடைப்பார்கள்.”

பின்னால் தெலுங்குப் பேச்சு கூடியது. ஒரு மூதாட்டி என்னையே பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டினார். புரிந்துகொண்டு வியக்கிறார்கள் என்று நினைத்தேன். யாரும் எதிர்க்கவில்லை, குறுக்கே பேசவில்லை. கேள்வி இருக்கிறதா என்றேன். இல்லை என்றார்கள். வீடு தேடி வந்தவளைச் சும்மா அனுப்பக் கூடாது என்று டீயும் ஒரு பை நிறைய மாம்பழமும் கொடுத்தார்கள். பழம் தேனாக இருந்தது. காரில் ஏறியதும் செந்திலிடம், நம் மக்களுக்கு எடுத்துச் சொல்லும் முறையில் சொன்னால் எதுவும் விளங்கும் என்று ஒரு சின்னச் சொற்பொழிவும் ஆற்றினேன்.

அடுத்த நாள் வேறோர் ஊரில் கூட்டம். செந்திலுக்கு பெங்களூரில் வேலை. எனக்கு அனுப்பிய கார் ஓசூர் தாண்டுவதற்குள் புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. வேறு வண்டி சொல்கிறேன் என்ற டிரைவரிடம், வேண்டாம், நான் மக்களோடு மக்களாகப் பேருந்தில் போகிறேன் என்றேன். அன்றைக்கு நான் அந்த மாதிரி மனநிலையில் இருந்தேன்.

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் என்னைத் தமிழிலும், பின்னால் இருந்தவரைக் கன்னடத்திலும் ஒரே மூச்சில் திட்டினார். சில்லறை இல்லாத குற்றம் இருவருக்கும் பொது. முன்சீட்டில் இரண்டு பேர் கன்னடத்தில் தீவிரமாகப் பேசிவந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்த அம்மாளைக் கேட்டேன். “இந்த ரோட்டுக்கு டோல் போட்டா, மாட்டுத் தீவனம் வெலை ஏறுமா ஏறாதான்னு சண்ட” என்றார்.

எங்கள் நாட்டிலும் இந்தச் சண்டை உண்டு. டோல் ஏறப்போகிறது என்றால் காப்பிக் கடையில் உட்கார்ந்து எல்லோரையும் திட்டித் தீர்ப்போம். மறுநாள் அட்டையைத் தேய்த்துக் கட்டிவிட்டு வேலைக்குப் போவோம். சாலையில் போய் உட்காருவது எங்கள் பழக்கமில்லை.

இதை அந்த அம்மாளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பஸ் நின்றது. முன்னால் வரிசையாக லாரிகள், பர்கூர்ப் பக்கமிருந்து வந்த கருங்கல் பாளங்கள், அவற்றுக்கு நடுவே ஹாரன் அடித்துச் சலித்துப்போன கம்பெனி பேருந்துகள். கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, “மறியலு” என்று ஒரே சொல்லில் சொன்னார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “என்ன பிரச்சினையாக இருந்தாலும் பொதுமக்களுக்கு இடைஞ்சல் செய்யலாமா?” என்றேன் சத்தமாக.

“அவங்களும் பொதுமக்கள்தானுங்களே” என்றார் பக்கத்து அம்மாள்.

இறங்கி நடந்தேன். நேரில் போய் நான்கு வார்த்தை எடுத்துச் சொன்னால் எழுந்துவிடுவார்கள் என்று உண்மையாகவே நம்பினேன். வெயிலில் லாரிகளின் ஓரமாகவே நடந்தபோது தூரத்தில் அட்டைகள் தெரிந்தன. மாம்பழச் சாறு வரும் பெட்டியைக் கிழித்து, கரியால் எழுதியிருந்தார்கள்: ‘கேப்பை அடைக்காதே!’

கேப்பை என்றால் கேழ்வரகு என்று எங்கேயோ படித்த ஞாபகம். ஓகோ, கேழ்வரகைக் கிடங்கில் பூட்டி வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, விவசாயிகள் பாவம் என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் பத்தடி போனதும் அடுத்த அட்டை: ‘கேப்பு எங்க உசுரு.’

அப்போதுதான் பார்த்தேன். நீலச் சீருடைகள். வெங்கட்டப்பாவின் பச்சைத் துண்டு. தடுப்புச்சுவரின் அந்தத் திறப்பில், இரண்டு பக்கச் சாலையிலும் வழிந்து, என் கூட்டத்துக்கு வந்திருந்த முகங்கள் அத்தனையும் உட்கார்ந்திருந்தன. அந்தத் திறப்புக்கு இந்தப் பக்கத்தில் கேப்பு என்றுதான் பெயர். டீக்கடையில், பஸ்ஸில், கல்யாண வீட்டுக்கு வழி சொல்லும்போது, எங்கேயும் அதுதான் பெயர். உலகத்தில் எனக்கு மட்டும்தான் அது தெரியவில்லை.

முந்தின நாள் நான் பேசியது ஒவ்வொரு வரியாக எனக்குத் திரும்பிக் கேட்டது. இருக்கும் கேப் ஒன்றுதானே ஐயா. முழுவதையும் அடைத்துவிடுவார்கள், கவலையே வேண்டாம். 

“மேடமே வந்துட்டாங்க!” என்று மஞ்சுளா எழுந்து வந்தாள். கோபம் இல்லை, மரியாதையாகத்தான் பேசினாள். “மேடம், நீங்க நேத்து சொல்லாம இருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. நல்லாயிருப்பீங்க. இந்தக் கேப்ப அடைச்சிட்டா நான் டோல் போடற எடம் வரிக்கும் நடந்து சுத்திக்கினு வரணும். கம்பெனி பஸ்ஸு எனக்காவ நிக்குமா? பஸ்ஸ வுட்டா வேலை போச்சி. புள்ளைங்க பள்ளிக்கூடம் எப்புடிப் போவும், சொல்லுங்க.”

பக்கத்தில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். கிருஷ்ணகிரியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் புறப்பட்டுவிட்டாராம். கேப்பை அடைக்க மாட்டோம் என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் எழுந்திருப்போம் என்பது ஊரின் முடிவு.

நான் நடுவில் போய் நின்றேன். மைக் இல்லை. கைகளைக் கூப்பி, என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். நான் சொன்ன கேப் இந்தக் கேப் இல்லை, அது காசுக் கணக்கில் வரும் கேப், சாலைக் கம்பெனிக்கு விழும் துண்டு, அதைத்தான் அரசாங்கம் அடைக்கிறது என்று விளக்கினேன். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. மஞ்சுளாவுக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு தெலுங்கில் திரும்பிச் சொன்னாள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. போலீஸ்காரர்களும் சிரித்தார்கள்.

வெங்கட்டப்பா மட்டும் விடவில்லை. “ரோடு போடற கம்பெனிக்கி நட்டம் வருதுன்னு கவர்மெண்டு சும்மா காசு குடுக்குதா? கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்கு புத்தி எங்க போச்சி?”

“ஐயா, அது திட்டத்தின் முறை. நம்புங்கள்.”

“செரி, அது எப்புடியோ போவட்டும். இந்தக் கேப்ப அடைக்க மாட்டாங்களே?”

இங்கேதான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அது தமிழில் சின்ன வாக்கியம்தான். ஆனால் அவ்வளவு பேர் என்னைப் பார்த்துச் சிரித்த பிறகு, அவர்கள் முன்னால் மறுபடி பெரிய மனுஷியாக வேண்டும் என்று எனக்கு அவசரம். “உங்கள் கேப்பை யாரும் தொட மாட்டார்கள். என்னை நம்பி எழுந்திருங்கள்” என்றேன்.

எழுந்தார்கள். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அட்டைகளை மடித்துக்கொண்டு, இன்ஸ்பெக்டரிடம், “அந்த ஆபீசருக்குப் போன் பண்ணி வரவேணாம்னு சொல்லிடுங்க சார், மேடம் சொல்லிட்டாங்க” என்றார்கள். லாரிகள் நகர்ந்தன. டிரைவர்கள் எனக்குக் கும்பிடு போட்டார்கள். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

மறியலில் அன்றைய கூட்டம் தள்ளிப்போயிருந்தது; மஞ்சுளா என்னைச் சாப்பிடாமல் போக விடவில்லை. வட்டிலில் சூடான களி, நடுவில் குழியில் அவரைக்கொட்டைக் குழம்பு. கடிக்காமல் உருட்டி விழுங்க வேண்டுமாம். நான் மென்றதைப் பார்த்து வீடே சிரித்தது. அன்றைக்கு எல்லோருக்கும் சிரிப்பு மிச்சமிருந்தது.

“நேற்றுக் கூட்டத்தில் பெண்கள் தெலுங்கில் என்ன பேசிக்கொண்டார்கள்?” என்று கேட்டேன்.

மஞ்சுளா தயங்கினாள். “தப்பா நெனைக்காதீங்க மேடம். ‘பார்க்க நல்ல பொம்பளையா இருக்குது, பாவம், இந்த மாதிரி வேலைக்கி அனுப்பிச்சிருக்காங்களே’ன்னு பேசிக்கினாங்க.” பிறகு என் தட்டில் இன்னொரு உருண்டை வைத்தாள். “இப்பதான் தெரிஞ்சிபோச்சே, நீங்க நல்லதுக்குத்தான் வந்திருக்கீங்கன்னு.”

ஓசூர் திரும்புவதற்குள் செய்தி என்னை முந்திக்கொண்டு போயிருந்தது. கோலாலம்பூரிலிருந்து என் மேலாளர் கூப்பிட்டார். மறியலையே பேச்சால் கலைத்துவிட்டாயாமே, வங்கிக்காரர்களுக்கு ரொம்பத் திருப்தி என்றார். அடக்கமாக, எல்லாம் மொழியின் வலிமை என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

கடைசி நாள். மறுநாள் விமானம். செந்திலின் அலுவலகத்தில் உட்கார்ந்து நடந்ததை நடித்தே காட்டினேன். கேழ்வரகுக் கிடங்கு என்று நான் நினைத்ததைச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று இடைவெளி கூட விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“கடைசியில என்னன்னு சொன்னீங்கக்கா?”

“உங்கள் கேப்பை யாரும் தொட மாட்டார்கள் என்றேன்.”

செந்தில் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “அக்கா, அதை அடைக்கத்தான் போறோம்.”

நான் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் முகம் அப்படி இல்லை.

“அங்கன குறுக்க பாஞ்சு ஆளு அடிபட்டுச் செத்திருக்கு. ஆறு வழி ஆச்சுன்னா இன்னும் மோசம். அது ஒரு காரணம், அதைத்தான் வெளிய சொல்லுவோம். இன்னொண்ணு இருக்கு. அந்தக் கேப்பு தொறந்து கிடந்தா லாரிக்காரன் டோலுக்கு முன்னாலயே திரும்பி, ஊருக்குள்ள பூந்து, பழைய ரோட்டைப் புடிச்சுப் போயிருவான். டோல்ல காசு கொறையும்.”

“கீழே ஒரு சுரங்கப்பாதை போட்டுக் கொடுத்தால்?”

“போட்டா செலவு ஏறும்லா? செலவு ஏறினா மானியம் கூடக் கேக்கணும். யாரு கம்மியா மானியம் கேக்காங்களோ அவங்களுக்குத்தான் ரோடு கெடைக்கும். அந்த ஊர் கேப்பை அடைச்சாத்தான்கா நீங்க சொன்ன கேப்பு சின்னதாகும்.”

“அப்படியானால் அவர்கள் புரிந்துகொண்டதுதான் சரி.”

“சரிதான்.”

“நான் திருத்திச் சொன்னதுதான் பொய்.”

 “எனக்கும் இதுலதான சம்பளம் வருது” என்றார் செந்தில். தலையைத் தூக்கவில்லை.

 மொழி தெரியாமல் செய்த பிழைக்கு வெட்கப்படலாம், சிரித்தும் விடலாம். இது வேறு. வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டு, ஊரையே கூட்டி வைத்துக் கைகூப்பி அதைப் பொய்யாக்கியிருக்கிறேன். அதற்கு அவர்கள் எனக்குக் களி போட்டார்கள். விமான நிலையத்துக்கு இப்போதே போய் உட்கார்ந்துவிடலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. அந்த யோசனைக்கும் சேர்த்து வெட்கப்படுகிறேன்.

அந்த ஊருக்குப் போக வேண்டும் என்றேன்; செந்திலே காரை எடுத்தார். 

மஞ்சுளாவின் ஷிப்ட் முடியும் நேரம். மறு பக்கத்தில் கம்பெனி பேருந்திலிருந்து இறங்கி, தோழிகளோடு சாலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். “மேடம்! ஊருக்குப் போறதுக்கு முன்னாடி களி சாப்பிட வந்துட்டீங்களா?”

“மஞ்சுளா, கேப்பை அடைக்கப் போகிறார்கள்” என்றேன்.

“தெரியுமே!” என்று சிரித்தாள். “காசு கேப்புதான? நேத்து நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க. வராத ஆளுங்களுக்கெல்லாம் நானே வெளக்கிச் சொல்லிட்டேன், கேளுங்க.”

“அது இல்லை. நான் சொன்னது தவறு.”

“பயப்படாதீங்க மேடம்.” என் கையைத் தட்டிக் கொடுத்தாள். “உங்க தமிழு எங்களுக்குப் பழகிப்போச்சி. இனிமேட்டு தப்பா எடுத்துக்க மாட்டோம்.”

தோழிகள் ஆமாம் ஆமாம் என்று சிரித்தார்கள். நான் மறுபடி சொன்னேன். அவர்கள் மறுபடி சிரித்தார்கள். எத்தனை விதமாகச் சொன்னாலும், முந்தின நாள் நான் கொடுத்த விளக்கம் முன்னால் வந்து நின்று மறித்தது. கடைசியில் மஞ்சுளாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பவும் சாலைக்குள் இறங்கினேன். ஒரு லாரி போகும்வரை நின்று, அந்தத் திறப்பில் போய், தடுப்புச்சுவர் முடியும் இடத்தில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன்.

“இதை. நீ நிற்கும் இந்த இடத்தை. இங்கிருந்து அதுவரைக்கும் சுவர் எழுப்பப் போகிறார்கள். சுரங்கப்பாதையும் கிடையாது. நான் விசாரிக்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன்.”

அவள் முகத்தில் சிரிப்பு உடனே போய்விடவில்லை. அது பாட்டுக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. சுவரின் இந்த முனையைப் பார்த்தாள், அந்த முனையைப் பார்த்தாள். சாலையோரம் காரில் சாய்ந்து நின்ற செந்திலைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அந்த அதிகாரியை மறுபடி வரச் சொல்லலாம், மஞ்சுளா. நானும் வந்து பேசுகிறேன். நடந்ததையெல்லாம் எங்கள் அலுவலகத்துக்கும் எழுதுகிறேன்.”

“ஊரே ஒண்ணா உக்காந்ததாலதான் மேடம் அவரு கெளம்பினாரு” என்றாள். “மறுக்கா கூப்பிட்டா இவங்க எந்திரிச்சி வரமாட்டாங்க. நேத்து ஒரு நாள் வேலைக்கிப் போவாததுக்கே கம்பெனியில கேள்வி. சும்மா பொரளிய நம்பி உக்காந்தோம்னு இப்ப எல்லாருமே சொல்லிக்கினு இருக்காங்க. நான்தான் அப்புடிச் சொல்லி வெச்சேன்.”

இரண்டு பக்கமும் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. தோழிகள் கரையில் நின்று, என்ன என்ன என்று கையால் கேட்டார்கள். மஞ்சுளா அவர்கள் பக்கம் திரும்பவில்லை. என்னைத்தான் பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“அப்ப நேத்து எங்கள எதுக்கு மேடம் எந்திரிக்க வெச்சீங்க?”